கேவாத பெருந்தச்சனைத் தெரியுமா?

மாமல்லபுரத்துக்கு நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷனில், புளிசாதப் பொட்டலத்தோடு? அல்லது வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்ட? எப்படிப் போயிருந்தாலும் ஒன்று மட்டும் நிச்சயம். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைக்குக் கீழே நின்று, அதை இரண்டு கையாலும் தாங்கிப் பிடிப்பது போல ஒரு போட்டோ எடுத்திருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், என் வீட்டு ஆல்பத்திலும் இருக்கிறது.

அந்த ஊரிலேயே மனிதன் கை படாத கல் அது ஒன்றுதான். அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

சரி, ஒரு சின்னக் கேள்வி. மற்ற கல்லையெல்லாம் செதுக்கியது யார்?

‘மாமல்லன்’ என்று சட்டென்று சொல்லியிருப்பீர்கள். கொஞ்சம் விவரமானவர் என்றால் ‘மகேந்திரவர்மன் ஆரம்பித்தார், நரசிம்மவர்மன் தொடர்ந்தார், கடற்கரைக் கோயில் ராஜசிம்மன்’ என்று வரிசையாக ஒப்பித்திருப்பீர்கள். பரீட்சையில் முழு மார்க். ஆனால் நான் கேட்டது யார் காலத்தில் என்று இல்லை. உளி பிடித்தது யார்? ராஜா பிடிக்கவில்லை என்பது நமக்குத் தெரியும்.

போன மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து என் சித்தப்பா பையன் குடும்பத்தோடு வந்திருந்தான். அழைத்துப் போனேன். ஐந்து ரதம் வாசலில் ஒரு கைடு ஒட்டிக்கொண்டார். நல்ல மனிதர், நல்ல குரல். ‘பாண்டவர்கள் வனவாசத்துல இருந்தப்போ ஒரே ராத்திரியில கட்டினது சார்’ என்று ஆரம்பித்தார். ‘அப்ப ஏன் பாதியில நிக்குது?’ என்று கேட்டாள் தம்பி மனைவி. கைடு அசரவே இல்லை. ‘பொழுது விடிஞ்சிடுச்சு மேடம்!’

சிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. கைடு மேல் இல்லை. அவருக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? நாம் என்ன கேட்டுக்கொண்டோமோ அதைத்தான் அவர் சொல்கிறார்.

அந்த ஐந்துக்கும் பாண்டவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பின்னால் வந்தவர்கள் ஐந்து என்று எண்ணிப் பார்த்துவிட்டு வைத்த பெயர். திரௌபதி ரதத்துக்குள் எட்டிப் பாருங்கள். துர்க்கை நிற்கிறாள். ரதம் என்பதும் சும்மா பேச்சுக்கு, சக்கரம் எங்கே இருக்கிறது? ஆக, வராதவர்களின் பெயரை ஐந்து கோயில்களுக்கும் வைத்தாயிற்று. ஊருக்கு ராஜாவின் பட்டப் பெயர். உருண்டைக்கு கிருஷ்ணன் பெயர். செய்தவன் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

எனக்கு இது கொஞ்சம் சொந்த விவகாரம். பி.காம். முடித்துவிட்டு, பாங்க் பரீட்சை எழுதச் சொன்ன அப்பாவின் பேச்சைக் கேட்காமல் பத்திரிகைக்கு வந்தவன் நான். முதல் வேலையில், மூன்று நாள் வெயிலில் அலைந்து ஒரு செய்தி எழுதினேன். காலையில் ஐந்து மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய்ப் பேப்பர் வாங்கிப் பார்த்தேன். செய்தி அப்படியே வந்திருந்தது. மேலே ‘நமது நிருபர்’ என்று போட்டிருந்தது. அப்பாவிடம் காட்டினேன். ‘இதுல உன் பேர் எங்கேடா?’ என்றார். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் பெயர் இல்லாத வேலையைப் பார்த்தால் எனக்கு உடனே கை பரபரக்கிறது.

மாமல்லபுரத்தில் அந்த வேலை என்ன என்று ஒரு நிமிஷம் பார்ப்போம். வீடு கட்டுகிறவர்கள் கீழிருந்து மேலே போவார்கள். இங்கே தலைகீழ். ஒரு முழுப் பாறை. உச்சியில் ஆரம்பித்துக் கீழே இறங்க வேண்டும். முதலில் கலசம், அப்புறம் விமானம், அப்புறம் மாடம், கடைசியில்தான் தூணும் தரையும். தர்மராஜ ரதத்தில் மேல் தளங்கள் எல்லாம் முடிந்திருக்கின்றன, கீழ்த்தளம் முடியவில்லை. பீம ரதத்தில் கூரை அழகாக நிற்கிறது, அடியில் பாறை பாறையாகவே கிடக்கிறது. விடிந்துவிட்டதால் இல்லை மேடம், வேலை அந்தத் திசையில்தான் நடந்தது.

இதில் தப்பு பண்ண முடியாது. செங்கல் என்றால் பிரித்துவிட்டு மறுபடி அடுக்கலாம். கருங்கல்லில் ஒரு சில்லு கூடுதலாகத் தெறித்தால் தெறித்ததுதான். கணக்குப் புஸ்தகத்தில் தப்பான எண்ட்ரிக்கு எதிர் எண்ட்ரி போட்டுச் சரிக்கட்டலாம் என்று எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் சொல்வார். உளிக்கு எதிர் எண்ட்ரி கிடையாது. உச்சியில் முதல் அடி விழும்போதே, கீழே தூண் எங்கே வரும், சிங்கம் எங்கே உட்காரும் என்று ஒரு மனிதனின் மண்டைக்குள் முழுசாக இருந்திருக்க வேண்டும்.

முடியாத குகைகள் சிலவற்றையும் நின்று பாருங்கள். கைடு காட்ட மாட்டார், நீங்களே தேடிப் போக வேண்டும். பாறையின் முகத்தில் சதுரம் சதுரமாகக் கோடு கிழித்து, கோட்டை ஆழமாக வெட்டி, நடுவில் நிற்கும் கட்டியைத் தட்டி உடைத்திருக்கிறார்கள். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்தது. பக்கத்து மண்டபத்தில் மகிஷாசுரனோடு துர்க்கை போடும் சண்டையைப் பார்த்துவிட்டு இந்தச் சதுரங்களைப் பார்த்தால்தான் உறைக்கும். அந்தச் சண்டையும் முதலில் இப்படித்தான் ஒரு மொட்டைப் பாறையாக இருந்திருக்கிறது.

அர்ஜுனன் தபசு என்ற பெரிய பாறையில் (அர்ஜுனனா, பகீரதனா என்று சண்டை இன்னும் தீரவில்லை) ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று தபசு செய்கிறது. அதன் காலடியில் எலிகள். முப்பது மீட்டர் நீளத்துக்குத் தேவர்களும் முனிவர்களும் யானைகளும் நிறைந்த சிற்பத்தில், ஒரு மூலையில் போலிச் சாமியாரைக் கிண்டல் பண்ண வேண்டும் என்று ஒரு ஆளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் குறும்புக்காரனின் பெயர் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசை இல்லையா?

இப்படிக் கேட்டால் உடனே ஒரு பதில் வரும். இலக்கியக் கூட்டத்தில் வரும், ஆன்மிகச் சொற்பொழிவில் வரும், டி.வி.யில் வரும். ‘நம் மரபில் கலைஞன் தன் பெயரைப் பொறிக்க மாட்டான். அது மேல்நாட்டு அகங்காரம். நம் சிற்பி தன்னை மறைத்துக்கொண்டு கலையை இறைவனுக்கு அர்ப்பணித்தான்.’ கை தட்டல் எழும். நானும் ஒரு காலத்தில் தட்டியிருக்கிறேன்.

சுத்தப் பொய்.

மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில் பூஞ்சேரி என்று ஒரு ஊர் இருக்கிறது. திருக்கழுக்குன்றம் சாலை திரும்புகிற இடம். ஐந்து ரதத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். அங்கே ‘நொண்டி வீரப்பன் தொட்டி’ என்று ஊர்க்காரர்கள் சொல்கிற ஒரு பாறை. பார்ப்பதற்குப் பிரமாதமாக ஒன்றுமில்லை. பழைய எழுத்து படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் கூட வந்து விரல் வைத்துக் காட்டியிருக்காவிட்டால், கீறல் என்று நினைத்து நான் தாண்டிப் போயிருப்பேன். அத்தனையும் பெயர்கள். கேவாத பெருந்தச்சன். குணமல்லன். பய்யமிழிப்பான். சாதமுக்கியன். திருவொற்றியூர் என்று ஊர்ப் பெயரோடு ஒருவர். கொல்லன் சேமகன்.

பல்லவர் காலத்து எழுத்து. இந்தக் கற்களில் வேலை செய்த சிற்பிகளின் பெயர்கள் என்றுதான் கல்வெட்டு அறிஞர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு அதில் கொல்லன் சேமகனை ரொம்பப் பிடித்துவிட்டது. கருங்கல்லில் அடித்தால் உளி முனை மழுங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே உலை வைத்து, காய்ச்சி, அடித்து, கூர் ஏற்றிக் கொடுக்க ஒருத்தன் இல்லையென்றால் பெருந்தச்சனே ஆனாலும் வெறும் கையோடு உட்கார வேண்டியதுதான். அந்தக் கொல்லனும் தன் பெயரைக் கல்லில் போட்டுக்கொண்டிருக்கிறான். மற்றவர்கள் அவனுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள்.

இதுவா தன்னை மறைத்துக்கொள்வது? ராஜா தன் பட்டப் பெயர்களை தர்மராஜ ரதம் முழுக்க விசிட்டிங் கார்டு மாதிரி பொறித்துக்கொண்டார். செய்தவர்கள், ஊருக்கு வெளியே, யாரும் கேட்காத ஒரு பாறையில், தாங்களும் இருந்தோம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்குப் பிறகு நாம் வந்து அவர்களுக்கு அடக்கம் என்று ஒரு பட்டம் கொடுக்கிறோம். கூலி கொடுக்காதவன்தான் வேலைக்காரனின் தியாகத்தைப் பற்றி அதிகம் பேசுவான்.

‘அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம்’ என்பீர்கள். அதுவும் இல்லை. பல்லவர்களின் பரம எதிரிகள் சாளுக்கியர்கள். காஞ்சியை வென்றதன் நினைவாக அவர்கள் ராணி லோகமாதேவி எட்டாம் நூற்றாண்டில் பட்டடக்கல்லில் ஒரு கோயில் கட்டினாள். இன்று விருபாட்சர் கோயில் என்கிறோம். அதைக் கட்டிய சிற்பி குண்டன் என்று அந்தக் கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. ராஜா அவனுக்குப் பட்டம் கொடுத்த விவரமும் இருக்கிறது. நம் தஞ்சாவூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1010-ல் முடிந்த பெரிய கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. ஆடிய பெண்கள் நானூறு பேரின் பெயரும் இருக்கிறது, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை. போட நினைத்தவர்கள் போட்டிருக்கிறார்கள்.

‘பணம் கொடுத்தது ராஜாதானே சார், என் வீட்டு வாசலில் கொத்தனார் பெயரா போட்டேன்?’ என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. உங்கள் வீட்டைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் வருவதில்லை என்பதுதான் என் பதில். மாமல்லபுரத்துக்கு நாற்பது ரூபாய் கொடுத்து நாமும், அறுநூறு ரூபாய் கொடுத்து வெளிநாட்டுக்காரர்களும் வருவது ராஜாவின் கஜானாவைப் பார்க்க இல்லை. பூனையையும் எலியையும் பார்க்க. வரவு முழுக்க ஒருத்தன் வேலையால் வருகிறது. கணக்கு எழுதுவது இன்னொருத்தன் பெயரில். பி.காம். முதல் வருஷத்திலேயே இதை ஃபெயில் பண்ணிவிடுவார்கள்.

ராஜா விஷயத்திலாவது உறுதியாக இருக்கிறோமா என்றால் அதுவும் கிடையாது. எல்லாமே ராஜசிம்மன் செய்தது என்று 1962-லேயே இரா.நாகசாமி எழுதினார். இல்லவே இல்லை, மாமல்லன் காலத்தில் தொடங்கியது என்பவர்கள் எதிர்ப்பக்கம். அறுபது வருஷமாக விவாதம் நடக்கிறது. நடக்கட்டும், நல்லதுதான். எந்த ராஜா என்பதற்கு இவ்வளவு மை செலவழித்தவர்கள், எந்தத் தச்சன் என்பதற்கு ஒரு சொட்டாவது வைத்திருக்கலாம். கல்கியாவது ‘சிவகாமியின் சபத’த்தில் ஆயனச் சிற்பி என்று ஒரு ஆளைக் கற்பனை செய்து கொடுத்தார். நமக்கு அந்தக் கற்பனை ஆயனரைத் தெரிகிறது. நிஜமான கேவாத பெருந்தச்சனைத் தெரியவில்லை.

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்கே வந்தார்கள். ஊரே பளபளத்தது. அர்ஜுனன் தபசு, வெண்ணெய் உருண்டை, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று சுற்றிப் பார்த்தார்கள். கை கோத்து உருண்டைக்கு முன்னால் அவர்களும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அதில் எனக்கு ஒரு சந்தோஷம், என் ஆல்பத்துக்குத் துணை கிடைத்தது. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. மறுபடி பெயின்ட், மறுபடி விளக்கு. விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் இத்தனை ஜோடனையிலும், பூஞ்சேரிப் பாறையில் இருக்கும் நாலு பெயரை ஒரு பலகையில் எழுதி ஐந்து ரதத்தின் வாசலில் வைக்க யாருக்கும் தோன்றவில்லையே. அதற்கு எவ்வளவு செலவாகும்? வரவேற்பு வளைவில் ஒரு காலுக்கு ஆகும் செலவு கூட ஆகாது.

பழங்கதைக்கா இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். பழங்கதையாக இருந்தால் விட்டிருப்பேன்.

ஐந்து ரதத்துக்குப் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் சிற்பப் பட்டறைகள். 1957-ல் ஆரம்பித்த அரசு சிற்பக் கல்லூரி அதே ஊரில்தான் இருக்கிறது. அதற்குத் தலைமை வகித்த கணபதி ஸ்தபதிதான் குமரிக் கடலில் 133 அடி வள்ளுவரை நிறுத்தினார். உலகத்தில் எத்தனையோ நாட்டுக் கோயில்களுக்கு இங்கிருந்து சாமி போகிறது. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் கவனியுங்கள், அங்கேயும் பெயர் ஊருக்குத்தான்.

ஒரு பட்டறையில் நின்றேன். முன்பெல்லாம் தூரத்திலேயே டக் டக் என்று உளிச் சத்தம் கேட்கும். இப்போது கட்டிங் மெஷின் ஊளையிடுகிறது. ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு அம்மனின் தோளை இழைத்துக்கொண்டிருந்தான். இமை, புருவம், தலைமுடி எல்லாம் வெள்ளை. தூசி.

‘மாஸ்க் போடலாமே தம்பி?’

‘போட்டா மூச்சு முட்டுது சார். இது பழகிடுச்சு.’

அவனுக்குப் பழகியது, அவன் நுரையீரலுக்குப் பழகாது. மெஷின் கிளப்புகிற பொடி, உளியில் தெறிக்கிற சில்லு மாதிரி கீழே விழுவதில்லை. மாவாகக் காற்றில் நிற்கும். அதில் இருக்கும் சிலிக்கா உள்ளே போய் உட்கார்ந்தால் நுரையீரல் தழும்பு தட்டிப் போகும். சிலிக்கோசிஸ் என்று பெயர். குணப்படுத்த மருந்து கிடையாது. வராமல் தடுக்க மட்டும்தான் முடியும். தண்ணீர் விட்டுக்கொண்டே அறுப்பது, தூசியை உறிஞ்சும் மெஷின் வைப்பது, சரியான மாஸ்க் போடுவது. ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டமே இதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கீற்றுப் பந்தலுக்குக் கீழே நாலு பேர் உட்கார்ந்து செதுக்கும் இடம் எந்த அதிகாரியின் கண்ணுக்குத் தொழிற்சாலையாகத் தெரியும்? நமக்கோ அது கலைக்கூடம். கலைக்கூடத்தில் யாராவது இருமுவார்களா?

பெயர் இல்லாதவனின் இருமல் யார் காதிலும் விழாது. கேவாத பெருந்தச்சனுக்கும் இந்தப் பையனுக்கும் நடுவில் ஓடுகிற நேர்க்கோடு இதுதான். ‘தன்னை மறைத்துக்கொண்ட சிற்பி’ என்று மேடையில் புல்லரிக்கும்போது, மறைந்துபோவது இவன் மெடிக்கல் ரிப்போர்ட்டும்தான்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். தொல்லியல் துறைக்கு: ஐந்து ரதத்திலும் அர்ஜுனன் தபசிலும் அந்தப் பெயர்களோடு ஒரு பலகை வையுங்கள். தமிழில், பெரிய எழுத்தில். சுற்றுலாத் துறைக்கு: டூரிஸ்ட் பஸ்ஸை பூஞ்சேரியில் பத்து நிமிஷம் நிறுத்துங்கள், கைடுகளுக்கு அந்தப் பாறையைக் காட்டிக் கொடுங்கள். பாண்டவர் கதையும் இருக்கட்டும், ‘இப்படியும் ஒரு கதை உண்டு’ என்று சொல்லட்டும். தொழிலாளர் நலத்துறைக்கு: பட்டறை பட்டறையாக டாக்டரோடு போய், தூசியில் வேலை பார்ப்பவர்களுக்கு எக்ஸ்ரே எடுங்கள். தூசி உறிஞ்சும் மெஷினுக்கு மானியம் கொடுங்கள். கைவினைப் பொருள் கண்காட்சிக்குப் பந்தல் போடும் காசில் ஒரு பகுதி போதும்.

உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கோ கோயிலுக்கோ அங்கே சிலை வாங்கினால், செய்தவர் பெயரைக் கேளுங்கள். நான் அந்தப் பையனிடம் கேட்டேன், நீ செய்யும் சிலையில் உன் பெயரைப் போடுவாயா என்று. சிரித்தான்.

‘எங்க பேர் போட்டா யார் சார் வாங்குவா? உபயம்னு அவங்க பேர் போடத்தான் கேப்பாங்க. பீடத்துல நாங்கதான் வெட்டித் தருவோம்.’

பக்கத்தில் ஒரு பீடம் சாய்த்து வைத்திருந்தது. உபயதாரர், அவர் மனைவி, மகன், மருமகள், பேரன் வரை ஏழு பெயர். ‘எழுத்து சுத்தமா இருக்கே, நீ வெட்டினதா?’ என்றேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கைக்குட்டையை மூக்கு வரை ஏற்றிவிட்டு, மெஷினைப் போட்டான்.